மாதா வரும் வீடுகள்

மந்தைவெளி, சென்னை
4 ஆகஸ்ட்

அன்புள்ள ஆலிஸ் அக்காவுக்கு,

மாதா சொரூபம் ஓர் இரவு நடைபாதையில் தங்கலாமா? என்னிடம் இதற்குப் பதில் இல்லை. கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும் போகிறவளிடம் எப்படி இருக்கும்? முப்பது வருடமாக மலைமேல் மடத்துச் சுவருக்குள் இருப்பவள் நீ. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் தெருக்களில் 'அன்பியம்' என்று ஒன்று நடக்கிறது. நீ மடத்தில் சேர்ந்த பிறகு வந்த ஏற்பாடு. பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். அக்டோபரில், செபமாலை மாதத்தில், மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு. சாயங்காலம் ஊர்வலமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். செபம், பாட்டு, சுண்டல், காபி. மறுநாள் அடுத்த வீடு. எந்த நாள் எந்த வீடு என்று ஆகஸ்டிலேயே பிரித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் சண்டை வரும்.

நேற்றுக் கூட்டத்தில் தேவானை கையைத் தூக்கினாள். என் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் தமிழ்நிலாவின் அம்மா. அப்பா லாரன்ஸ் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் குடிசையை அரசு இடித்தபோது, மாற்று வீடு லாரன்ஸின் அண்ணன் பெயரில் ஊருக்கு வெளியே கிடைத்தது. அண்ணன் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது மூடிக் கிடக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் சுவரோரம், நடைபாதையில் குடும்பம் நடத்துகிறார்கள். அன்பியத்தில் யாருக்கும் இது தெரியாது. எங்கேயோ வாடகைக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கூட்டத்துக்குப் போவதே இப்படிப்பட்ட குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான்.

தலைவர் ஃபிரெட்ரிக், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், எழுதிக்கொண்டே "டோர் நம்பர்?" என்று கேட்டார்.

"டோரே இல்ல சார், நம்பருக்கு நான் எங்க போவேன்?" என்றாள் தேவானை.

எல்லாரும் சிரித்தார்கள். தேவானையும் சிரித்தாள். மண்டபத்துப் பக்கம் என்று அவள் சொல்ல, அவர் 'மண்டபம் அருகில்' என்று குறித்துக்கொண்டார். நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடிசையை இழந்த வருடம் தமிழ்நிலா பள்ளியை விட்டுவிட்டாள். திரும்பக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வகுப்பில் ஒருத்திக்கும் தான் இருக்கும் இடம் தெரியக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. காலையில் யாரும் வருவதற்கு முன்பே வாட்ச்மேன் துரைராஜ் அவளுக்குக் கேட்டைத் திறப்பார். ஆசிரியர் குளியலறையில் குளித்து, சீருடை மாற்றி, மற்றவர்கள் வரும்போது நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். அவள் வகுப்புத் தோழி ஈவ்லினின் குடும்பமும் இதே அன்பியம். ஊர்வலம் அந்தச் சுவரோரம் போய் நின்றால் மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரியும். தெரிந்தால் அவள் வரமாட்டாள். மார்ச்சில் பொதுத் தேர்வு.

இருபத்திரண்டு வருடமாக, படிப்பை விட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவரும் இந்த வேலையில் இருக்கிறேன். இதையும் சரிசெய்துவிடுவேன். மாதா விஷயத்தை மட்டும் நீ சொல்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்குத் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை.

உன் தங்கை
ஜொவிட்டா


மலை மடம்
18 ஆகஸ்ட்

என் பிரியமான ஜொவிட்டாவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். மாத்திரையை நேரத்துக்குப் போடு. என் முட்டிகள் இரண்டும் தனித்தனியாக என்னிடம் பேசுகின்றன.

உன் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. செபித்துப் பார்க்கிறேன் என்றால் நீ சிரிப்பாய்.

நான் ஒன்று கேட்கிறேன். எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறுவதைப் பார்த்தவள் நீ. வீடு போகும்போது மக்கள் முதலில் எதைக் கையில் எடுக்கிறார்கள்? எதை விட்டுவிட்டு வந்து பிறகு வருந்துகிறார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே விடாத மழை. சிற்றாலயக் கூரை ஒழுகுகிறது. கீழே அண்டா வைத்திருக்கிறோம். சொட்டுகிற சத்தம் சுருதி சேரவில்லை என்று சிஸ்டர் பெர்னதெத் குறைப்படுகிறார். வயது எண்பத்தாறு, காது மட்டும் இருபது.

எங்கள் விதிப்படி மாதம் ஒரு கடிதம்தானே. அதனால் அடுத்த மாதம்.

அன்புடன்
ஆலிஸ்


மந்தைவெளி
30 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. முதலில் அடுப்பும் அரிசியும். அடுத்தது குழந்தைகளின் சான்றிதழ்கள், அவை இருந்தால். பிறகு பெரும்பாலும் யாருக்கும் பயன்படாத ஏதாவது ஒரு கனமான பொருள். ஒரு குடும்பம் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது. வருந்துவது பொருளுக்காக அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக. ஒரே தெருவில் இருந்தவர்களை வேறு வேறு மாடிகளில் போட்டுவிட்டால் மனம் ஒடிந்துபோகிறார்கள். இதைக் கருத்தரங்குகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அந்தச் சுவரோரம் போனேன். இப்படிப்பட்ட இடங்களில் எனக்கென்று ஒரு முறை உண்டு. அவர்கள் செருப்பு விட்டிருக்கும் இடம்தான் வாசல். கூப்பிடாமல் அதைத் தாண்டமாட்டேன். தேவானை ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தட்டிவிட்டு "உள்ள வா டீச்சர்" என்றாள்.

மாதாவை அடுத்த வருடம் அழைக்கலாமே என்றேன்.

"எத்தினி வருசமா எல்லார் ஊட்லயும் போயி சுண்டல் துன்னுக்கினு வரேன். ஒருவாட்டி எங் கையால நாலு பேருக்குப் போட வேணாவா? துன்னுட்டு துன்னுட்டு கைய தொடச்சிக்கினு வந்தா நல்லாவா கீது?"

தமிழ்நிலா மறுநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"மிஸ், எங்கம்மாவுக்குப் பைத்தியம் புட்சிருக்கு. ஈவ்லின் அம்மா பட்டுச் சேல கட்டிக்கினு வந்து எங்க துணி மூட்ட மேல உக்காருவாங்களா? மாதா வந்தா நான் ஸ்கூலுக்கு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

"பரீட்சை?"

"மாதாவே எழுதட்டும்."

வாய் அப்படி. ஆனால் சொன்னால் செய்வாள். ஒரு தடவை செய்தவள்.

என் தங்கமான அக்கா, அந்த அண்டாவைத் தூக்கப் போய் முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஜொவிட்டா


மலை மடம்
12 செப்டம்பர்

பிரியமான ஜொவிட்டாவுக்கு,

நலமே. உன் பதிலைச் சாப்பாட்டு நேரத்தில் மற்றச் சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுக்கல் என்றதும் எல்லாரும் சிஸ்டர் பெர்னதெத்தின் ஆர்மோனியத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் ஒன்று. வயதானவர்கள் புது இடத்துக்கு எப்படிப் பழகுகிறார்கள்? தூக்கம் வர எவ்வளவு நாள் ஆகும்? முன்கூட்டியே சொல்வது நல்லதா, அன்றைக்குச் சொன்னால் போதுமா?

அந்தப் பிள்ளை சொல்வதும் நியாயம். அம்மா சொல்வதும் நியாயம். நடுவில் நீ அவசரப்பட்டு எதையும் ஏற்பாடு செய்துவிடாதே. உன் ஏற்பாடுகளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அன்புடன்
ஆலிஸ்


மந்தைவெளி
20 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எச்சரிக்கை தாமதமாக வந்தது. ஏற்பாடு முடிந்துவிட்டது.

முதலில் என் வீட்டைத் தருகிறேன் என்று தேவானையிடம் சொன்னேன். ஒரு சாயங்காலம் அவள் வீடாக இருக்கட்டும், சுண்டலை இங்கேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

"உன் ஊட்டுக்கு மாதா வரணும்னா நீ கைய தூக்கு டீச்சர். எம் பேர எதுக்கு இழுக்கிற?" என்றாள்.

ஆகவே ஃபிரெட்ரிக்கைப் போய்ப் பார்த்தேன். லாரன்ஸ் குடும்பத்தில் ஒரு சிக்கல், இந்த வருடம் அவர்களை விட்டுவிடுங்கள், நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். காரணம் கேட்காத மனிதர். தலையாட்டினார். தேவானைக்குக் கொஞ்ச நாள் வருத்தமாக இருக்கும். தமிழ்நிலாவின் படிப்பு தப்பித்தது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்னும்போது எது என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வயதானவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குச் சொன்னால் அதற்குப் பிறகு எதையும் நம்பமாட்டார்கள். தூக்கத்துக்கு, பழைய தலையணையை மாற்றாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எதற்காக இதெல்லாம்? அங்கே ஏதாவது படித்துக்கொண்டிருக்கிறாயா?

ஜொவிட்டா


மந்தைவெளி
6 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மலையில் மழை என்றால் தபால் தாமதம்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இங்கே நான் நினைத்தபடி நடக்கவில்லை.

நான் போகாத மாதத் தொடக்கக் கூட்டத்தில் ஃபிரெட்ரிக் எல்லார் முன்னாலும், "லாரன்ஸ் வீட்டுக்கு இந்த வருஷம் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்று வாசித்துவிட்டார். யார் முடிவு செய்தது என்று தேவானை கேட்டதற்கு, பொதுவான முடிவு என்றிருக்கிறார். என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

மறுநாள் தேவானை பள்ளிக் கேட்டில் நின்றாள். "எம் பேர அடிச்சது யாரு டீச்சர்? கதவு இல்லாத ஊடுன்னு கண்டுக்கினாங்களா? இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கினு அங்க போவேன்?" துரைராஜ் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

புதன்கிழமையிலிருந்து தமிழ்நிலா பள்ளிக்கு வரவில்லை.

அவளுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன் அக்கா. சுவரோரம் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கடைகளுக்கு உரித்துக் கொடுக்கும் வேலை.

"நீ கேட்டதுதானே நடந்தது?" என்றேன்.

"வேணாம்னு நான் சொல்லலாம் மிஸ். என் ஊடு. அவங்க எப்டி சொல்லலாம்?"

நிமிரவே இல்லை. ஈவ்லினுக்கும் தெரிந்திருக்கும், வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், தன்னை வேண்டாம் என்றவர்கள் நடுவில் எதற்கு வந்து உட்கார வேண்டும் என்றாள்.

பேரை எடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

ஜொவிட்டா


மைசூரு
11 அக்டோபர்

பிரியமான ஜொவிட்டாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயப்படாதே. நான் நலம். உன் செப்டம்பர் கடிதம் நாங்கள் கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது, அக்டோபர் கடிதம் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்தது.

எங்கள் மடத்தை மூடிவிட்டார்கள். ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தோம், கூரையும் தாங்கவில்லை. இங்கே இருக்கும் மடத்தோடு எங்களைச் சேர்த்துவிட்டார்கள். ஜூலையிலேயே தெரியும். உன்னிடம் சொன்னால் நீ உடனே யாருக்காவது மனு எழுதுவாய் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டேன். உன் பதில்களின்படிதான் மூட்டை கட்டினோம். தலையணைகளை மாற்றவில்லை. ஆர்மோனியமும் வந்தது.

இப்போது உன் முதல் கடிதத்துக்கு வருகிறேன். எங்கள் சிற்றாலயத்து மாதாவைப் பழைய போர்வைகளில் சுற்றி, லாரியில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திக் கயிறு கட்டினோம். பின்னால் வேனில் நாங்கள். பண்ணாரி சோதனைச் சாவடிக்கு வரும்போது இருட்டிவிட்டது. காட்டுப் பாதையை இரவில் மூடிவிடுவார்களாம். விடியும்வரை சாலையோரம் ஒரு டீக்கடை முன்னால் நின்றோம். முப்பது வருடத்தில் முதல்முறையாக நான் ஒரு சாலையில் நின்றேன்.

ஆசிஃப் என்ற டிரைவர் தம்பி, "சிஸ்டர், அம்மாவுக்கு நல்லாப் போத்தியிருக்கு, நீங்க டீ குடிங்க" என்றான். கடைக்காரர் எந்தச் சாமி என்று விசாரித்துவிட்டு, ஒரு பெஞ்சை இழுத்து லாரியோரம் போட்டார். "அப்ப பக்கத்துலயே உக்காருங்க" என்றார். சிஸ்டர் பெர்னதெத் அந்தப் பெஞ்சில் குறட்டை விட்டுத் தூங்கினார். நல்ல சுருதி.

நடைபாதையில் மாதா தங்கலாமா என்று எனக்கு இப்போதும் தெரியாது. தங்கினாள் என்பது மட்டும் தெரியும்.

இன்னொன்று. எங்கள் மடத்தை மூடும் முடிவை யார் எடுத்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேலிடம் என்றார்கள். மூன்று மாதம் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சந்தேகப்பட்டோம். பால் கொண்டுவருபவரைக்கூட. மலையை விட்டு வந்ததைவிட அதுதான் கஷ்டம். நீதான் என்று அவர்களிடம் போய்ச் சொல்.

அன்புடன்
ஆலிஸ்


மந்தைவெளி
16 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு வெகுநேரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு என்மேல். பிள்ளைகள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கவனிப்பது என் தொழில். நீ அத்தனை கேள்வி கேட்டாய். நான் கருத்தரங்கில் பேசுவதுபோலப் பதில் எழுதினேன். டிசம்பர் விடுமுறையில் மைசூருக்கு வருகிறேன். மடத்துக் கிராதிக் கம்பிகளுக்கு வெளியே உட்கார்ந்து பேசலாமா, இல்லை உள்ளே விடுவார்களா என்று கேட்டு எழுது.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே சுவரோரம் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். "உங்கள் பேரை எடுக்கச் சொன்னது நான். அவர்கள் யாருக்கும் நீங்கள் இருக்கும் இடம் தெரியாது. யாரும் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை."

தேவானை பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "நீயா?"

லாரன்ஸ் இடையில் வந்தார். "டீச்சர் பண்ணா நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கும்."

"நீ சும்மா இருய்யா. நல்லது பண்றவங்க கேட்டுட்டுப் பண்ணணும். ஊட்டுக்காரி நான் இங்க உக்காந்துகினு கீறேன், இது பாட்டுக்கு ஊட்ட எழுதி வாங்கின மாதிரி முடிவு பண்ணுது!"

தமிழ்நிலா சிரித்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"அப்போ ஈவ்லினுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் பூண்டுத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள். "மாதா வரட்டும் மிஸ். எங்கம்மா இத்தோட வுடாது. ஆனா ஸ்கூலுக்கு வருவியான்னு கேக்காதீங்க. அது மறுநாள் தெரியும்."

ஃபிரெட்ரிக் வீட்டுக்குத் தேவானையும் என்னோடு வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "சார், அன்னிக்கு நான் ஜோக்கு சொல்லல" என்றாள். இடத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மழை வந்தா என்னம்மா பண்றது?"

"தார்ப்பாய் கீது சார்."

24ஆம் தேதி என்று எழுதிக்கொண்டார். முந்தைய நாள் ஈவ்லின் வீடு. அங்கிருந்துதான் ஊர்வலம் கிளம்பும்.

ஜொவிட்டா


மந்தைவெளி
24 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

புது இடத்தில் உனக்குத் தூக்கம் வந்ததா? இங்கே இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

லாரன்ஸ் மீன்பாடி வண்டியைக் கழுவி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தார். சொரூபத்தை அதில்தான் வைத்தார்கள். தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். ஊர்வலம் முனை திரும்பியபோது பாட்டு கொஞ்சம் தடுமாறியது. எங்கே போகிறோம் என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. ஃபிரெட்ரிக் சத்தத்தைக் கூட்டிப் பாடினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. இனியும் கேட்க வேண்டாம்.

விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்காருவதா வேண்டாமா என்று ஈவ்லினின் அம்மா நின்றார். தேவானை, "உக்காருங்கக்கா, ஒட்டிக்காது" என்றாள். உட்கார்ந்தார். பட்டுச் சேலைதான் கட்டியிருந்தார். செபத்தின் நடுவில் தூறல் போட்டது. இரண்டு பேர் தார்ப்பாயின் மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். தேவானை யாரையும் ஒரு கிண்ணத்தோடு விடவில்லை. "இன்னா சாமி, பூனை மாதிரி கொறிக்கிற? வாங்கு" என்று ஃபிரெட்ரிக்குக்கே மூன்றாம் முறை போட்டாள்.

தமிழ்நிலா காகிதக் கிண்ணங்களை நீட்டிக்கொண்டு போனாள். தலையைத் தூக்கவில்லை. ஈவ்லினிடம் நீட்டும்போதும் தூக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நாளைக்கு வருவாளா என்று தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.

25 அக்டோபர்

காலையில் துரைராஜ் வழக்கமான நேரத்துக்குக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார். அவள் வரவில்லை. முதல் மணி அடித்தது. நான் தலைமையாசிரியை கேட்ட ஏதோ ஒரு புள்ளிவிவரத்தை எடுப்பதுபோல வராந்தாவில் நின்றேன். இரண்டாம் மணிக்குப் பிள்ளைகள் மொத்தமாக நுழைந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அவளும் வந்தாள். சீருடையின் ஓரம் நனைந்திருந்தது.

வேதியியல் ஆசிரியை இன்னும் வந்திருக்கவில்லை. வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்றேன். ஈவ்லின் தன் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தமிழ்நிலா அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள். "ஏய் தமிழு, நெஜமாவே ரோட்லயா இருக்கீங்க? ராத்திரி மழ பெஞ்சா இன்னாடி பண்ணுவீங்க?"

தமிழ்நிலா திரும்பி உட்கார்ந்தாள்.

"நனைவோம்டி," என்றாள் தமிழ்நிலா. "நீ இன்னா பண்ணுவ? மழகிட்ட நின்னு டோர் நம்பர் கேப்பியா?"

சிரித்தார்கள். கேட்டவளும் சிரித்தாள். ஈவ்லின், "சுண்டல்ல உப்பே இல்லடி" என்றாள்.

"எங்கம்மாகிட்ட வந்து சொல்லு, தைரியம் இருந்தா."

ஆசிரியை என்னைத் தாண்டி உள்ளே போனார். எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நேற்று நடத்திய பாடத்திலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். தமிழ்நிலாவுக்குப் பதில் தெரியவில்லை. நிற்கவைத்துவிட்டார்.

உன் தங்கை
ஜொவிட்டா